விதியா? குடியா?

(மோட்டார் ஓட்டும் தொழிலாளரும் சுற்றுக் கிராமத்தாரும் கூடியிருந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் வரும் கேடுகளைப் பற்றிப் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் பரீட்சை கொடுத்தவனல்ல, வக்கீலுமல்ல, பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவனுமல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், கண்ணால் பார்த்தும் அறிந்துகொண்டவைகளைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனிதன் குடிக்கலாமா, கூடாதா என்பதைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. அது வேறு விஷயம்; அதில் பல பேருக்குப் பலவித அபிப்பிராயம் இருக்கலாம். குடித்தவன் தன் வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடந்தால் அவன் உடம்புக்கும், அவன் பெண்டு பிள்ளைகளுக்கும் கேடு. ஆனால் அதே மனிதன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டால், அவன் முகத்தைக்கூடப் பார்த்தறியாதவன், அவனுக்கு ஒரு தீங்கும் நினைக்காதவன், தன் பாட்டுக்கு ரோட்டு ஓரத்தில் நடந்து போகிறவன் உயிருக்கு ஆபத்து. ஆகவே இது குடிக்கிறவனுடைய சொந்த விஷயமல்ல. ரோட்டில் கால் வைக்கும் ஒவ்வொருவருடைய விஷயமுமாகும்.

நமது நாட்டில் 2022-ம் வருஷத்தில் ரோட்டு விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். வகுத்துப் பாருங்கள், நாள் ஒன்றுக்கு 49 பேர், அதாவது மணிக்கு இரண்டு பேர். காலராவோ பிளேக்கோ வந்து ஒரு நாளைக்கு 49 பேரைத் தின்றுகொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? ஊரைக் காலி செய்வோம். ஊசி போடச் சொல்லுவோம். சர்க்காரை ஏன் என்று கேட்போம். ஆனால் ரோட்டில் 49 பேர் செத்தால் மாத்திரம் "அவன் விதி முடிந்தது, போய்விட்டான்" என்று சொல்லிவிட்டுத் தலைமுழுகிவிடுகிறோம். நோயென்றால் காரணம் தேடுகிற நாம், இதற்கு மாத்திரம் காரணம் தேடாமல் தலையெழுத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்குவானேன்?

இந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த வருஷத்துச் சாவுகளில் குடித்து ஓட்டியதால் நேர்ந்தவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லையென்று எழுதியிருக்கிறார்கள். அதி வேகத்தினால் நேர்ந்தவை நூற்றுக்கு 71 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அதி வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாமா? பகலில் 40 கிலோமீட்டரில் போகிறவன் இரவு பத்து மணிக்கு 90-ல் போகிறானே, அது அவன் கால் செய்த வேலையா, அவன் வயிற்றுக்குள் போன சரக்கு செய்த வேலையா? அன்றியும், செத்தவன் குடித்திருந்தானென்று எழுதினால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது, குடும்பத்துக்கு அவமானம் என்று வீட்டாரும் மறைக்கிறார்கள். அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அவசரத்தில் ரத்தத்தைச் சோதிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. ஆகையால் அந்த மூன்று என்பது பிடிபட்டவர் கணக்கே தவிர, குடித்தவர் கணக்கல்ல என்பதே எனது அபிப்பிராயம்.

இனி, குடி மனிதனை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாராயம் என்பது சோற்றைப் போலச் செரித்து ரத்தத்தில் சேருவதல்ல. வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் அப்படியே ரத்தத்திற்குள் இறங்கி, சில நிமிஷங்களில் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையில் அது முதலில் எதைக் கெடுக்கிறதென்றால், காலையும் கையையும் அல்ல; நல்லது கெட்டது பார்த்து, இது தகும், இது தகாது என்று தடுத்துச் சொல்லுகிற நிதானத்தைத்தான் முதலில் கெடுக்கிறது. கால் தள்ளாடுவது அதற்கு வெகு நேரம் பிறகு. இதுதான் இந்த விஷயத்தின் உயிர் நாடி. கடைக்காரனுடைய தராசே கெட்டுப்போனால், அந்தத் தராசு கெட்டுவிட்டதா என்று அதையே வைத்து நிறுத்துப் பார்க்க முடியுமா? அதுபோலவே "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று குடித்தவன் சொல்லுவதற்கு ஒரு காசு மதிப்பும் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறான். அதுதான் ஆபத்து.

பிறகு கண் கெடுகிறது. நேரே பார்ப்பது தெரியும். பக்கத்திலிருந்து குறுக்கே வரும் ஆடோ, குழந்தையோ தெரிவதில்லை. எதிர் வண்டியின் விளக்கு முகத்திலடித்தால் கண் தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. கண்டதற்குப் பிறகும் காலைப் பிரேக்கில் வைக்கத் தாமதமாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. அரை விநாடி தாமதம் என்றால் எட்டு மீட்டர். எட்டு மீட்டர் என்பது ஒரு வீட்டின் அகலம். அந்த அகலத்திற்குள் ஒரு குழந்தை நின்றால், பிழைக்கவேண்டிய குழந்தை சாகிறது. இதில் விதிக்கு என்ன வேலை, தோழர்களே? இது வெறும் கணக்கு.

நமது பெரியவர்களில் சிலர், "அந்தக் காலத்தில் நாங்கள் சந்தைக்குப் போய்க் கள்ளைக் குடித்துவிட்டு வண்டியிலேயே படுத்துத் தூங்குவோம், வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கும், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லுகிறார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த வண்டியை ஓட்டி வந்தது யார்? மாடு! மாடு குடிக்கவில்லை. மாட்டிற்கு வழி தெரியும், பள்ளம் தெரியும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கத் தெரியும். மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணில்லை, காதில்லை, அறிவில்லை. அதற்குள்ள அறிவெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவன் தலையில்தான் இருக்கவேண்டும். அந்தத் தலையையும் கடையில் அடகு வைத்துவிட்டு ஏறினால், அந்த வண்டியைவிட அந்தக் காலத்து மாட்டு வண்டி ஆயிரம் மடங்கு பத்திரமானது.

மூட நம்பிக்கை என்றால் கோயிலிலும் குளத்திலும் மாத்திரம்தான் இருக்கிறதென்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கிறவர்களிடத்திலும் ஒரு பெரிய புராணம் இருக்கிறது. "எலுமிச்சம்பழம் சாப்பிட்டால் தெளிந்துவிடும்", "மோர் குடித்தால் இறங்கிவிடும்", "தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்", "காப்பி குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். இவைகளில் ஒன்றுக்காவது ஆதாரம் கிடையாது. ரத்தத்தில் கலந்த சாராயத்தை வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கல்லீரல் ஒன்றே. அது தன் போக்கில்தான் வேலை செய்யும்; நீங்கள் காப்பி கொடுத்தாலும் சரி, தண்ணீர் ஊற்றினாலும் சரி, அது அவசரப்படாது. காப்பி குடித்தவன் தூக்கம் தெளிந்த குடிகாரன். குளித்தவன் ஈரமான குடிகாரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கும் ஒரு கணக்குச் சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி வகைகளில் ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தச் சாராயம் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் அதை வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகக் குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 150 மில்லிகிராம் வரையில் சாராயம் ஏறிவிடும். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30. அதாவது ஒரே குவார்ட்டரில் ஐந்து மடங்கு! கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஆகவே இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவன் சட்டத்தின் அளவுக்குள் வருவதற்கே காலை ஆறு மணி ஆகும். முழுவதும் தெளிய எட்டு மணி ஆகும். அரைப் பாட்டில் குடித்தவன் மறுநாள் பகலெல்லாம் குடிகாரனே. "ராத்திரி குடித்தது, தூங்கி எழுந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேனை எடுக்கிறவர் இங்கே யாராவது இருந்தால், அவரைத்தான் முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுகிறேன்: இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பிறகு பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைத் திரும்பிப் பாருங்கள்.

"நான் பீர்தானே குடித்தேன்" என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். பெரிய பாட்டில் ஸ்டிராங் பீர் ஒன்று குடித்தால், அதே 60 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிகிராம் வரையில் ஏறக்கூடும். பெயரை மாற்றினால் சரக்கு மாறிவிடாது.

இன்னும் சிலர் வெற்றிலை போட்டும், கிராம்பு மென்றும், பாக்குத் தூளை வாயில் அடக்கியும் போலீசார் ஊதச் சொல்லும் கருவியை ஏமாற்றிவிடலாமென்று நினைக்கிறார்கள். அந்தக் கருவி வாயின் வாடையை மோந்து பார்ப்பதல்ல. ரத்தத்தில் உள்ள சாராயம் நுரையீரலில் ஆவியாகி மூச்சோடு வருகிறது. அதைத்தான் அது அளக்கிறது. வாயில் கிராம்பை வைத்து நுரையீரலை ஏமாற்றலாமென்பது, வாசலில் பூசணிக்காயைக் கட்டி வியாதியை ஏமாற்றலாமென்பதற்குச் சமானம்.

இந்த அளவுகோல் எப்படி வந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1897-ம் வருஷத்திலேயே லண்டனில் ஒரு டாக்சி ஓட்டி குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டான். வண்டி வந்தவுடனேயே இந்த வியாதியும் வந்துவிட்டது. ஆனால் குடித்திருந்தானென்பதை எப்படி ருசுப்படுத்துவது? கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லுவார்கள். கண்ணைப் பார்ப்பார்கள். ஏழை ஓட்டி மாட்டிக்கொள்ளுவான். பணக்காரனோ தன் டாக்டரையும் வக்கீலையும் வைத்து, "எஜமானுக்கு மயக்கம், மருந்து சாப்பிட்டார்" என்று தப்பித்துக்கொள்ளுவான். இந்த அநியாயத்தை ஒழித்தது விஞ்ஞானம். ஸ்வீடன் தேசத்து விட்மார்க் என்ற ஆராய்ச்சியாளர், ரத்தத்தில் சாராயம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1936-ல் நார்வே தேசம், ரத்தத்தில் இந்த அளவுக்கு மேலிருந்தால் குற்றம் என்று உலகத்திலேயே முதன்முதலாகச் சட்டம் செய்தது. 1954-ல் அமெரிக்காவில் பார்க்கென்ஸ்டைன் என்பவர் ரோட்டிலேயே மூச்சை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். அந்தக் கருவிக்கு ஜாதி தெரியாது. பண்ணையாரென்றும் கூலியென்றும் தெரியாது. ஊதினால் உள்ளதைச் சொல்லும்.

அதே பார்க்கென்ஸ்டைன் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் ஊரில் விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான ஓட்டிகளையும், அதே இடங்களில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஓட்டிகளையும் ஊதச் சொல்லி ஒப்பிட்டு 1964-ல் வெளியிட்டார். ரத்தத்தில் சாராயம் ஏற ஏற விபத்தும் செங்குத்தாக ஏறுகிறது என்றும், 150 மில்லிகிராம் அளவில் அது பத்து மடங்குக்குக் குறையாது என்றும் தெரிந்தது. அந்த 150 என்பதுதான் நான் முன்னே சொன்ன ஒரு குவார்ட்டர்! விதியாயிருந்தால் குடித்தவனையும் குடிக்காதவனையும் ஒரே மாதிரியல்லவா தேடி வரவேண்டும்? குடித்தவனை மாத்திரம் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிற விதி என்ன விதி? 1967-ல் பிரிட்டனில் ஊதிப் பார்க்கும் சட்டம் அமலுக்கு வந்தவுடன் ரோட்டுச் சாவுகள் கண்கூடாகக் குறைந்தன. போலீசார் கருவியை எடுத்தவுடன் எமன் பாசக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டான் என்றால், அந்த எமன் எங்கிருந்தான் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2006 நவம்பர் 12-ந் தேதி விடியற்காலம், பம்பாயில் கார்ட்டர் ரோடு என்ற வீதியில், கட்டட வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் நடைபாதையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டு ஒரு வாலிபன் ஓட்டிவந்த கார் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அவன் ரத்தத்தில் இருந்தது 100 மில்லிக்கு 112 மில்லிகிராம். கீழ்க் கோர்ட்டு கொடுத்த தண்டனை ஆறு மாதம். ஏழு உயிருக்கு ஆறு மாதம்! பிறகு ஹைகோர்ட்டு, இது வெறும் அஜாக்கிரதையல்ல, சாவு நேருமென்று தெரிந்தே செய்த குற்றம் என்று சொல்லி மூன்று வருஷமாக உயர்த்தியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. தண்டனை போதுமா என்பது வேறு விஷயம். தெரிந்து செய்த குற்றம் என்று சொன்னார்களே, அதுதான் கவனிக்கத் தக்கது. குடிக்கும்போது அவனுக்குத் தெரியும். சாவியை எடுக்கும்போதும் தெரியும். பிறகு "தெரியாமல் நடந்துவிட்டது" என்றால் எப்படி ஒப்புக்கொள்ளுவது? வீடில்லாமல் ரோட்டில் படுத்தவன் செய்த பாவமா அது? வேலைக்கு அழைத்தவர்கள் படுக்க இடம் கொடுக்கவில்லை. கார் வைத்திருந்தவன் உயிரையும் விட்டுவைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறதென்றால், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்துகொண்டு வண்டி ஓட்டினாலும் குற்றம், ஓட்ட முயன்றாலும் குற்றம். லாரிக்கு மாத்திரமல்ல, மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே சட்டம். 2019-ல் திருத்தியபடி முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்சும் போகும். சாவு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டப்படி ஐந்து வருஷம் வரையிலும், தெரிந்து செய்ததென்று ருசுவானால் பத்து வருஷம் வரையிலும் சிறை. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, ஓட்டியவன் குடித்திருந்தானென்று தெரிந்தால் நொறுங்கிய வண்டிக்குப் பணம் கொடுக்காது. அடிபட்ட எதிராளிக்குக் கொடுக்க நேர்ந்தாலும், அந்தப் பணத்தை வண்டிக்குடையவனிடமே திரும்ப வசூலிக்கப் பார்க்கும். கடன் வாங்கி ஆட்டோ வாங்கியவன் ஒரு குவார்ட்டருக்காக ஆட்டோவையும், வீட்டையும், தன் விடுதலையையும் பணயம் வைக்கிறான்.

இவ்வளவு சட்டம் செய்த சர்க்கார் தன் பங்குக்கு என்ன செய்கிறதென்று கேட்கவேண்டாமா? தமிழ்நாட்டில் 2003-ம் வருஷம் முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்துச் சாராயம் விற்கிறது. ஒரு கையால் பாட்டிலை நீட்டி, மறு கையால் ஊதும் கருவியை நீட்டுகிறது. இரண்டிலும் வரும் பணம் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்தால் வண்டி ஓட்டுகிறவன்தானே குடிப்பான், நடந்து வருகிறவனா அத்தனை தூரம் வரப்போகிறான்? இதை எடுத்துக் காட்டித் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான், 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று இந்தியா முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் மாத்திரம் மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

ஆனால் பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். தீர்ப்பு முழுவதும் அமலுக்கு வருவதற்கு முன்பே சிற்றூர்களுக்கு 220 மீட்டர் போதுமென்று அதே கோர்ட்டில் குறைக்கப்பட்டது. பல ராஜ்யங்களில் ரோட்டின் பெயரையே மாற்றி, "இது நெடுஞ்சாலையல்ல, உள்ளூர் ரோடு" என்று எழுதப் பார்த்தார்கள். கேரளத்தில் ஒரு மதுக்கடைக்காரர், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து சுவர் எழுப்பி, மனிதன் சுற்றிச் சுற்றி நடந்தால் 500 மீட்டர் ஆகும்படி பாதை போட்டார். கோயிலில் பிரதட்சிணம் வருவதைப் போல மதுக்கடையிலும் பிரதட்சிணம்! பிறகு 2017 ஜூலையில் நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. மூடிய கடைகளை ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, வீதிக்கு வந்து மறித்தவர்கள் பெரும்பாலும் நமது தாய்மார்களே. சட்டம் தூரத்தை அளக்கிறது. தூரத்தைத் தாண்ட மனிதனுக்குக் காலும் வண்டியும் இருக்கின்றன. ஆகையால் சட்டம் மாத்திரம் போதாது. நாமும் விழித்திருக்க வேண்டும்.

வண்டி முதலாளிகளையும் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும். மோட்டார் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ம் வருஷத்துச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. ஆனால் நடையொன்றுக்கு இவ்வளவு கூலி என்று பேசி, சரக்கை இன்ன நேரத்திற்குள் சேர்க்காவிட்டால் பிடித்தம் என்று மிரட்டி, பதினாறு மணி நேரம் ஓட்டச் சொல்லுகிறார்கள். உடம்பு வலி தாங்காமல் அவன் வழியில் கொஞ்சம் போட்டுக்கொள்ளுகிறான். குடி அலுப்பைப் போக்குவதில்லை. அலுப்பை மறைத்துத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. விபத்து நேர்ந்தால் "டிரைவர் குடிகாரப் பயல்" என்று முதலாளி கையைக் கழுவிக்கொள்ளுகிறார். ஆயுத பூஜையன்று லாரிக்குப் பூசணிக்காய் உடைத்து, சந்தனம் பூசி, நாலு சக்கரத்திற்கும் எலுமிச்சம்பழம் வைக்கிற முதலாளி, அந்தச் செலவில் ஓர் ஊதும் கருவி வாங்கிக் கொட்டகை வாசலில் வைத்து, ஊதிக் காட்டியவனுக்கே சாவி என்று ஏற்பாடு செய்தாலென்ன? எலுமிச்சம்பழம் நசுங்கினால் சக்கரத்திற்கு ஒன்றும் தெரியாது. கருவி சிவப்பு விளக்குக் காட்டினால் ஓர் உயிர் மிஞ்சும்.

தாய்மார்களே! சென்ற வருஷம் ஒரு கிராமத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ஒரு காதுகுத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, ஒரே வண்டியில் மூன்று பேராகத் திரும்பும்போது பாலத்துச் சுவரில் மோதிச் செத்த வாலிபன் அவன். வயது முப்பது ஆகவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊற்றிக் கொடுத்த பங்காளியை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவன் மனைவியை, இருபத்தைந்து வயதுப் பெண்ணை, "இவள் வந்த ராசி, பிள்ளையைத் தின்றுவிட்டாள்" என்று ஒரு கிழவி சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். வளையலை உடைத்தார்கள், பூவைப் பிடுங்கினார்கள், பொட்டை அழித்தார்கள். குடித்தவன் ஆண்பிள்ளை, ஊற்றிக் கொடுத்தவன் ஆண்பிள்ளை, வண்டியைக் கொடுத்தவன் ஆண்பிள்ளை. தண்டனை மாத்திரம் வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கா? தோழர்களே, விதி என்கிற ஒரு வார்த்தை செய்கிற அக்கிரமம் இதுதான். அது குற்றம் செய்தவனை ஒளித்து வைத்துவிட்டு, ஒரு பாவமும் அறியாதவளை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? குடித்த பிறகு புத்தி சொல்லிப் பிரயோஜனமில்லை. சொல்லுகிற புத்தியை வாங்கிக்கொள்ளுகிற இடத்தைத்தான் அது முதலில் அடைத்துவிடுகிறதே! ஆதலால் தீர்மானம் எல்லாம் குடிக்குமுன்பே ஆகவேண்டும். குடிக்கிறவர், வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் முதல் மடக்குக்கு முன் சாவியைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மறுநாள் தெளியும் வரையில் வாங்காதீர்கள். கலியாணம், காதுகுத்து, கிடா வெட்டு நடத்துகிறவர்கள், விருந்துக்கு வந்தவனுக்கு ஊற்றிக் கொடுத்து வண்டியில் ஏற்றி அனுப்புவது உபசாரமல்ல, கொலைக்கு உடந்தை என்பதை உணரவேண்டும். கூட வருகிறவர்கள், குடித்தவன் வண்டியில் பின்னால் ஏறாதீர்கள். சிநேகிதன் கோபித்துக்கொள்ளுவான் என்று பயப்படாதீர்கள். கோபம் காலையில் தெளிந்துவிடும், சாவு தெளியாது.

தாய்மார்கள், சாவியை ஒளித்து வைக்கக் கூச்சப்படவேண்டாம். அடிக்க வந்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தாரும் "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்ளவேண்டாம். பள்ளிக்கூடத்திற்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், வேன் ஓட்டுகிறவரைக் காலையில் ஊதச் சொல்லிச் சோதிக்கிறார்களா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் போலீசுக்கும் சாட்சிக்கும் பயந்து விலகிப் போகாதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். உதவி செய்தவனைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று 2019-ல் சட்டமே செய்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இனிமேல் உங்கள் ஊரில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், அந்த வீட்டு வாசலில் நின்று "விதி" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். "குடித்திருந்தானா? எங்கே குடித்தான்? சாவியை யார் கொடுத்தார்கள்? எவன் ஏற்றி அனுப்பினான்?" என்று கேளுங்கள். கேட்டால் மனஸ்தாபம் வரும்; வரட்டும். ஒரு சாவு வீட்டில் நீங்கள் கேட்கும் கேள்வி, அடுத்த சாவு வீடு ஏற்படாமல் தடுக்கும். விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போகிற ஊரில், அடுத்த கிடா வெட்டிலும் அதே பங்காளி ஊற்றிக் கொடுப்பான். அதே பாலத்துச் சுவரும் காத்துக்கொண்டிருக்கும்.

நான் சொன்னவைகளை உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டால் இன்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலிருந்தே நடைமுறையில் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.